ஜீப் புதைந்த பொட்டல்

"கண்மாயாம் கண்மாய்! இது வெறும் பொட்டல். கண்மாய்தான்னு ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தா காட்டு. இல்லேன்னா நாளைக்கே இந்த இடத்தைக் கேக்குற கம்பெனிக்குக் கொடுத்துருவேன்" என்றார் தாசில்தார்.

நாற்பது வருஷமாக ஊர்த் தண்ணீருக்காகப் போராடும் பேச்சியம்மாள் அசரவில்லை. "பொட்டல்தானேய்யா? ஜீப்பை இதுக்குக் குறுக்கே விடுங்க, அந்தப் பக்கம்தான் ரோடு."

"விடுப்பா வண்டியை!" என்றார் தாசில்தார் டிரைவரிடம், வீறாப்பாக. நடுவில் காய்ந்த மண் பிளந்து, ஜீப் அச்சுவரை சேற்றில் இறங்கியது.

அரசாங்க வண்டி. எங்கே புதைந்தது என்று எழுதிக் கொடுத்தால்தான் இழுக்க பொக்லைன் வரும். பொட்டலில் புதைந்தது என்றால் யார் நம்புவார்கள்? 'கண்மாய்ச் சேற்றில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கரையில் நின்ற பேச்சியம்மாளிடமே கொடுத்தனுப்பினார்.

அவள் அதை நிதானமாகப் படித்தாள்.

"பொக்லைனை அனுப்புறேன்ய்யா. முதல்ல ஜெராக்ஸ் கடைக்குப் போகணும்."