சுள்ளி வாயை மூடிய கதை

அந்தக் காலத்தில், எறும்புகள் வாய் ஓயாமல் பேசித் திரிந்த நாளில், சுள்ளி என்று ஒரு சிவப்பெறும்பு இருந்தாள். அப்பப்பா, என்ன வாய் அது! மனதில் பட்டதை அந்த நிமிடமே போட்டு உடைத்துவிடுவாள். ஒரு நாள் பெருமழை. அன்று காலைகூட எதிரே வந்தவளிடம், "அக்கா, புற்றுக்குள்ள தண்ணி!" என்று கத்தினாள். அவள் "ஐயையோ!" என்று வாய் பிளக்க, கவ்வியிருந்த சர்க்கரை வெள்ளத்தில் விழுந்து கரைந்தது. சுள்ளிக்கு நல்ல திட்டு கிடைத்தது.

மழை விட்டபாடில்லை. பவுனம்மா என்ற எறும்புக்கு இரண்டு முட்டைகள். ஒன்றைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. மற்றதை வாயில் கவ்விக்கொண்டு, வெள்ளத்தின் குறுக்கே கிடந்த ஈர்க்குச்சி மேல் வந்துகொண்டிருந்தாள்.

போன முட்டை கொட்டாங்கச்சி ஒன்றில் மிதந்து வந்து கரை சேர்ந்ததைச் சுள்ளி பார்த்துவிட்டாள். சந்தோஷம் தாங்கவில்லை. சொல்லியே தீரவேண்டும் என்று குச்சியில் ஏறி ஓடினாள்.

நடுக்குச்சியில் பவுனம்மா நின்றுவிட்டிருந்தாள். கால்கள் வெடவெடவென்று நடுங்கின. சுள்ளி வாயைத் திறந்தாள். திறந்தவளுக்குச் சர்க்கரை ஞாபகம் வந்தது. நல்ல சேதிதான், ஆனால் கேட்டதும் இவள் வாய் திறப்பாளே! இருக்கிற பிள்ளையும் போய்விடுமே!

பாவம், சுள்ளிக்குச் சேதி தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். தன் மீசையால் பவுனம்மாவின் மீசையை மெல்லத் தொட்டாள். (பெண்ணுக்கு ஏது மீசை என்று கேட்காதீர்கள், எறும்புக்கு உண்டு.) தடவினாள். நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. தொட்டபடியே சுள்ளி பின்னால் ஓரடி வைக்க, பவுனம்மா முன்னால் ஓரடி வைத்தாள். அப்படியே கரை வந்தது.

பவுனம்மா முட்டையை மண்ணில் இறக்கி வைத்தாள். அதன் பிறகுதான் சுள்ளி சொன்னாள்: "அக்கா, உங்க இன்னொரு பிள்ளையும் பத்திரமா இருக்கு. அதோ, அந்தக் கொட்டாங்கச்சியில."

"ஐயோ, என் கண்ணே!" என்று பவுனம்மா வாய்விட்டு அழுதாள். பிறகு சுள்ளியின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "அடிப்பாவி, இதை அங்கேயே சொல்றதுக்கென்ன?"

சுள்ளி பவுனம்மாவின் காலடியில் இருந்த முட்டையைப் பார்த்தாள். பவுனம்மாவும் பார்த்தாள். குட்டிய இடத்தைத் தடவிக் கொடுத்தாள்.

எறும்புகள் எதிரெதிரே வந்தால் ஒரு நொடி நின்று மீசையோடு மீசை தொடுகின்றனவே, அது அன்று முதல்தான். எதிரில் வருபவள் வாயில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவை சேதி சொல்கின்றன.