இரண்டடியும் சும்மா விடுங்க கட்சியும்

ஊஸ்ட்பேக் என்ற ஊரை வரைபடத்தில் தேடி அலையாதீர்கள். பெல்ஜியத்தில் ஃபிளெமிஷ் பேசுகிற பக்கம், ஒரு கால்வாய்க் கரையில் இருக்கிறது என்று நான் சொல்கிறேன், நம்பிக்கொள்ளுங்கள். அந்த ஊரில் நான்கு முட்டாள்கள் சேர்ந்து ஒரு கட்சி ஆரம்பித்தார்கள். மூன்று பேரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நைசாக நழுவிவிடலாம் என்றுதான் பார்த்தேன். என் மனைவி ரெஜினா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதனால் சொல்லிவிடுகிறேன், நாலாவது ஆள் நான்தான்.

என் பெயர் ஞானப்பிரகாசம். காரைக்கால்காரன். பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு பாரிஸுக்குப் போய், மச்சான் ஓட்டலில் தட்டுக் கழுவி, அவன் பேச்சுத் தாங்காமல் ஊஸ்ட்பேக்குக்கு ஓடிவந்தவன். அங்கே மாதா கோயில் சுவருக்கு முன்னால் எனக்கு ஓர் உருளைக்கிழங்கு வறுவல் வண்டி இருந்தது. எங்களுக்குச் சோறு போட்டது அந்த வண்டிதான். அது போய்விட்டால் மறுபடியும் மச்சான், மறுபடியும் தட்டு.

ஒருநாள் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. என் வண்டி நடைபாதையில் இரண்டடி நீட்டிக்கொண்டு நிற்கிறதாம். இரண்டடி பின்னால் தள்ளி வைக்காவிட்டால் லாரி வந்து தூக்கிப் போய்விடுமாம்.

"சக்கரம் இருக்குல்ல? தள்ளிட்டுப் போங்க," என்றாள் ரெஜினா.

நானும் தள்ளத்தான் போனேன். வண்டியில் கையும் வைத்துவிட்டேன். அப்போது பார்த்து மூன்று பேர் என் கடையில் வறுவல் தின்றுகொண்டிருந்தார்கள். என் கெட்ட நேரம்.

ஒருவர் யூல்ஸ். முப்பது வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் கொர்னீல், பந்தயப் புறா வளர்ப்பவர். மூன்றாவது கோடலீவ் அம்மா, சலூன் நடத்துபவர். அவர்கள் பேசியது ஃபிளெமிஷ். என் காதில் அது தமிழாகத்தான் விழும், அப்படியே சொல்கிறேன்.

"ஞானா, கையை எடுங்க," என்றார் யூல்ஸ். "இன்னைக்கு ரெண்டடி தள்ளுன்னு சொல்றான். நாளைக்கு வறுவலை ரெண்டு அங்குலத்துக்கு மேல வெட்டாதேம்பான்."

"என் கூண்டுக் கதவுக்குப் பச்சை பெயின்ட் அடிக்கச் சொன்னவங்கதானே இவங்க?" என்றார் கொர்னீல். "புறாவுக்குப் பச்சை பிடிக்குமான்னு ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

நான் கையை எடுத்துவிட்டேன். யூல்ஸ் சொன்னதற்குக் கீழ்ப்படிந்துதான் எடுத்தேன் என்பது அன்று எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

இப்படித்தான் சும்மா விடுங்க கட்சி பிறந்தது. கொள்கை ஒன்றே ஒன்று. யாரும் யாருக்கும் உத்தரவு போடக் கூடாது. அரசாங்கம் மக்களைச் சும்மா விட வேண்டும்.

முதல் கூட்டம் கோடலீவ் அம்மாவின் சலூனில். நல்ல மழை. நாங்கள் மூவரும் வாசலில் நனைந்துகொண்டு நின்றோம். அந்த அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே நின்றார்.

"உள்ளே வாங்கன்னு சொல்லலாமா?" என்று கேட்டார்.

யூல்ஸ் யோசித்தார். "வாங்கன்னா அது உத்தரவு. முதல் நாளே கொள்கையை மீறினா எப்படி?"

"வரலாம்னு சொன்னா?"

"அது அனுமதி. அனுமதி கொடுக்க நீங்க யாரு?"

அரைமணி நேரம் விவாதம் நடந்தது. கொர்னீலுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. கடைசியில் கோடலீவ் அம்மா, "உள்ளே சூடா காபி இருக்கு," என்றார். இது வெறும் தகவல். தகவலைக் கேட்டுவிட்டு அவரவர் சொந்த முடிவில் உள்ளே போகலாம். போனோம். காபி ஆறியிருந்தது.

நகர சபைத் தேர்தல் வந்தது. முந்நூறு துண்டுப் பிரசுரம் அச்சடித்தோம். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவது பிறர் சுதந்திரத்தில் தலையிடுவது என்று யூல்ஸ் சொல்லிவிட்டதால், தன் புறாக்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் என்றார் கொர்னீல். பறவைகளைக் கூடையில் வைத்து ஊரின் மறுகோடிக்குக் கொண்டுபோனோம். காலில் ஒவ்வொரு பிரசுரமாகக் கட்டி, முறை வைத்துப் பறக்கவிட்டோம். பந்தயப் புறாவுக்குத் தெரிந்தது ஒரே விலாசம். முந்நூறு பிரசுரமும் கொர்னீல் வீட்டுக் கூண்டுக்கே பத்திரமாக வந்து சேர்ந்தன. அவர் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தார். "நல்லா எழுதியிருக்கோம். என் ஓட்டு நமக்குத்தான்," என்றார்.

ஆனாலும் பாருங்கள், ஜெயித்துவிட்டோம். குப்பைத்தொட்டிக்கு ஒரு விதி, வேலிச் செடிக்கு ஒரு விதி என்று நகராட்சி போட்ட கெடுபிடியில் ஊரே கடுப்பில் இருந்தது. எங்களை யாரென்றே தெரியாததால் மக்களுக்கு எங்கள் மேல் நம்பிக்கை வந்திருக்க வேண்டும். இருபத்தோரு இடத்தில் ஆளுங்கட்சிக்குப் பத்து, எதிர்க்கட்சிக்குப் பத்து, எங்களுக்கு ஒன்று. யூல்ஸ் உறுப்பினரானார். அன்று இரவு ரெஜினாகூட என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மேயர் விவரமானவர். எங்கள் ஓட்டு இல்லாமல் காலம் தள்ள முடியாது என்று கணக்குப் போட்டு, முதல் கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவந்தார். ஞானப்பிரகாசத்தின் வண்டி இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்று தீர்மானம். ஆதரவாகப் பத்துக் கை உயர்ந்தது. எதிர்த்துப் பத்துக் கை உயர்ந்தது. எல்லோரும் யூல்ஸைப் பார்த்தார்கள். பார்வையாளர் வரிசையில் நான் பக்கத்திலிருந்த ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

யூல்ஸ் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வண்டி இருக்கலாம்னு சொல்றீங்க. இருக்கலாம்னு சொல்ல நீங்க யாரு? இன்னைக்கு இருக்கலாம்னு சொல்றவன் நாளைக்கு இருக்கக் கூடாதுன்னும் சொல்வான். என் நண்பர் ஞானா சுதந்திர மனுஷன். உங்க அனுமதி அவருக்குத் தேவையில்ல. இந்தத் தீர்மானத்தை நான் எதிர்க்கிறேன்!"

என்ன பேச்சு! என்ன குரல்! நான் எழுந்து நின்று கைதட்டினேன். மண்டபத்திலேயே பலமாகத் தட்டியது நான்தான். ரெஜினா என் தொடையில் கிள்ளிய பிறகுதான் பத்துக்குப் பதினொன்று என்ற கணக்கு மண்டையில் ஏறியது.

அப்பீல் போட்டேன். பெல்ஜியத்தில் அப்பீல் என்றால் ஆறு வருடம் ஓடும். ஓடியது. அதற்குள் கட்சி மளமளவென்று வளர்ந்தது. சொந்தக் கட்சிக்காரன் வண்டிக்கே எதிராக ஓட்டுப் போட்ட நேர்மையாளர்கள் என்று ஊரில் எங்களுக்கு ஏக மரியாதை. நானூறு பேர் சேர்ந்தார்கள். அடுத்த தேர்தலில் மேயர் நாற்காலியே நமக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது. யூல்ஸ் மேயரானால் அப்பீல் எதற்கு? நான் நிம்மதியாக வறுத்துக்கொண்டிருந்தேன்.

தேர்தலும் வந்தது. அந்தக் காலத்தில் அங்கே ஓட்டுப் போடுவது கட்டாயம். போகாவிட்டால் அபராதம். இதைக் கொர்னீல்தான் கவனித்துச் சொன்னார்.

"ஓட்டுப் போட வரச் சொல்லி அரசாங்கம் கடுதாசி அனுப்பியிருக்கு. வரணுமாம்!"

யூல்ஸ் முகம் சிவந்துவிட்டது. "கட்டாயமா? நம்மளையா? நீங்க போகக் கூடாதுன்னு நான் சொல்லமாட்டேன், அது உத்தரவு. நான் போகப்போறதில்ல. இது தகவல்."

தகவல் தீயாகப் பரவியது. நானூறு பேரும் தேர்தல் நாளன்று வீட்டிலேயே நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் முடிவு வந்தது. எங்கள் கட்சிக்குக் கிடைத்தது ஒரு ஓட்டு.

சலூனில் அவசரக் கூட்டம். தோற்றதற்காக அல்ல. அந்த ஒரு ஓட்டைப் பற்றி விசாரிக்க.

"நமக்கு ஓட்டுப் போட்ட துரோகி யாரு?" என்றார் யூல்ஸ்.

எனக்கு வியர்த்தது. "நான்தான். மச்சான் முகம் கண்ணு முன்னால வந்துச்சு. போய்ட்டேன்."

கோடலீவ் அம்மா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். என்னைக் கட்சியிலிருந்து நீக்கவேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், நான் உட்பட. ஆனால் வெளியே போ என்பது உத்தரவாயிற்றே!

"நீங்களாப் போறீங்களா, ஞானா?"

"எனக்கு விருப்பமில்லையே."

"விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது," என்று கொர்னீல் சொல்ல, நான் அங்கேயே இருந்தேன். அபராதக் கடிதம் கிடைத்த மற்ற எல்லோரும் யாரும் சொல்லாமலே போய்விட்டார்கள். பழையபடி நான்கு பேர் ஆனோம்.

அடுத்த மாதம் அப்பீலும் தோற்றது. ஒரு காலையில் நகராட்சி அதிகாரி ஒருவர் டேப்போடு வந்தார். பின்னால் லாரி. நல்ல மனிதர், பாவம். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ரெண்டடி பின்னால தள்ளிடுங்க, நான் போயிடறேன்," என்றார்.

"தள்ளுங்களேன்!" என்றாள் ரெஜினா. ஆறு வருடத்துக்கு முன்பு சொன்ன அதே வார்த்தை. குரல் மட்டும் தழுதழுத்தது.

யூல்ஸ் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். "நடைபாதையில் நிற்கும் வண்டின்னு போட்டிருக்கு. நிக்கிற வண்டியைத்தானே தூக்கலாம்? ஓடுற வண்டியைத் தூக்கச் சட்டம் இல்லையே!"

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இப்படியொரு மூளையை மேயராக்காமல் விட்டுவிட்டோமே! நால்வரும் வண்டியை முன்பக்கமாகத் தள்ள ஆரம்பித்தோம். ரெஜினா மயோனைஸ் வாளியை மட்டும் காப்பாற்றி எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். சாலையைக் கடந்து, எதிரே இருந்த கால்வாய்ப் பாலத்தின் மேட்டில் மூச்சிரைக்க ஏற்றினோம். வறுவல் வாங்க வந்தவர்கள் வரிசை கலையாமல் பின்னாலேயே நடந்து வந்தார்கள். பாலத்தின் உச்சிக்கு வந்ததும் பாலக் காவல்காரர் கூண்டிலிருந்து தலையை நீட்டிக் கத்தினார்.

"ஏய், அங்க வண்டியை நிறுத்தாதீங்க!"

ஆறு வருடத்தில் முதல்முறையாக விவாதமே இல்லாமல் கட்சி ஒரு முடிவெடுத்தது. நிறுத்திவிட்டோம்.

"வெற்றி!" என்றார் யூல்ஸ். நான் கைதட்டினேன். மற்றவர்களும் தட்டினார்கள். கைதட்ட வேண்டுமானால் வண்டியிலிருந்து கையை எடுத்தாக வேண்டும்.

வண்டி வந்த வழியே உருண்டது. வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். பிடியுங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் பிடித்திருக்கலாம், எங்களில் சொல்லக்கூடியவர் யார்? அது சாலையைத் தாண்டி, நடைபாதை ஏறி, மாதா கோயில் சுவரில் மெத்தென்று முட்டி நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை.

அதிகாரி டேப்பை நீட்டி அளந்தார். மறுபடியும் அளந்தார். "சரியா ரெண்டடி உள்ளே போயிருக்கு," என்று சிரித்தார். லாரியைத் திரும்பிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். "வழக்கு முடிஞ்சுபோச்சு. இனிமே வண்டியை இங்கேயே வச்சிருங்க."

ரெஜினா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வச்சிருங்க என்று சொல்லிவிட்டாரே! ஆறு வருடம் கட்டிக்காத்த கொள்கை என்னாவது? முதலில் வண்டியில் கை வைத்தவன் நான்தான். நால்வருமாகச் சேர்ந்து பழையபடி வெளியே இழுத்தோம். அரை அங்குலம்கூடக் குறையக் கூடாது என்பதால் கொர்னீல் டேப்பை வாங்கி ஒரு முனையைச் சுவரில் அழுத்திக்கொண்டார். பிடித்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரியிடம் நாங்கள் சொல்லவில்லை, அது உத்தரவாகிவிடும். "டேப்புக்கு இன்னொரு முனை இருக்கு," என்று தகவலாகத்தான் சொன்னோம். அவரே வந்து பிடித்துக்கொண்டார்.