ஐந்து பூசணியா, ஒன்பது புளியங்கொட்டையா?

களிமண்குளம் என்று ஒரு ஊர். குளத்திலிருந்த களிமண்ணெல்லாம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியதில்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் மூவரின் தலையைத் தட்டிப் பார்த்தால் போதும். ஒருவர் தலைவர் வெயிலுமுத்து. அடுத்தவர் பூசணித் தோட்டக்காரர் ஆவுடையப்பன். மூன்றாமவர் பள்ளிக்கூட வாத்தியார் பொன்னுலிங்கம். இவர் படித்தவர், அதனால் மற்ற இருவரையும் விட நிதானமாகத் தப்பு செய்வார்.

அந்தப் பள்ளியில் பதினோரு பிள்ளைகள். ஒருநாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை அதிகாரி வருவார்; ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எது அதிகம், எது குறைவு என்று தெரிந்திருக்க வேண்டும்; சொல்லிக் கொடுக்கும் லட்சணம் சரியில்லை என்றால் பள்ளியை மூடிவிடுவார்கள். மூடினால் பிள்ளைகள் மேலக்கரைக்குப் போக வேண்டும். மூன்று மைல் நடை. நடுவில் பாலமில்லாத ஓடை. மழைக்காலத்தில் அதில் எருமையே இறங்காது.

கடிதத்தின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது. வெறும் வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டாம். ஒரு குவியலில் ஐந்து, இன்னொன்றில் ஒன்பது வைத்துப் பிள்ளைகளைக் கையால் தொட்டுப் பார்க்க விடுங்கள். ஊரில் கிடைக்கிற எந்தப் பொருளானாலும் சரி.

"எந்தப் பொருளானாலும் சரியாம்வே," என்றார் வெயிலுமுத்து.

உடனே ஆவுடையப்பன் ஐந்து பூசணிக்காயை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வாத்தியார் ஒன்பது புளியங்கொட்டையைப் பொறுக்கி வந்தார். ஆறு வயது இசக்கியம்மாளை முன்னால் நிறுத்தினார்கள்.

"ஏட்டி, ரெண்டையும் தொட்டுப் பாரு. எது கூட?" என்று கேட்டார் தலைவர்.

அவள் தொட்டாள். விரல் விட்டு எண்ணினாள். "கொட்டைதான் கூட, தாத்தா. இது அஞ்சு. அது ஒம்பது."

ஆவுடையப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. "பிள்ளைக்குக் கண்ணுல ஏதோ கோளாறு. ஒம்பது கொட்டையையும் ஒரு கோழி முழுங்கிட்டுப் போயிரும். என் பூசணிய முழுங்கச் சொல்லுங்க பாப்போம்!"

"அஞ்சு பூசணி இருந்தா ஒரு கல்யாணத்துக்கே கூட்டு வச்சிரலாம்," என்று தலைவரும் தலையாட்டினார். "கொட்டைய வச்சு என்னத்த வைக்க?"

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "எண்ணிக்கைன்னு பாத்தா பிள்ள சொல்லுதது சரிதான் அண்ணாச்சி."

"அப்போ என் பூசணி தோத்துப் போச்சா?" என்று கேட்ட ஆவுடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த காய்கள் அல்லவா?

தலைவர் தாடையைச் சொறிந்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசித்தால் ஊருக்கு ஆகாது. அரிவாளை எடுத்து ஐந்து பூசணியையும் நாலு நாலாக வெட்டிப் போட்டுவிட்டு, "இப்ப எண்ணும்வே" என்றார்.

வாத்தியார் இரண்டு தடவை எண்ணினார். இருபது வந்தது. மூவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

"எதையும் வெட்டினா கூடும்வே!" என்று கூவினார் தலைவர். "இத்தன நாளா இந்த ஊர்ல எல்லாமே குறைச்சலா இருந்ததுக்குக் காரணம் என்ன? நாம வெட்டாம சோம்பிக் கிடந்ததுதான்."

"அது அதே பூசணிதான தாத்தா?" என்றாள் இசக்கியம்மாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுகிற பிள்ளை உருப்படாது என்று சொல்லி அவளை மூலையில் உட்கார வைத்தார்கள்.

அப்புறம் கேட்கவா வேண்டும்? குரங்கு கையில் பூமாலை கதைதான். ஊர்க் கிணற்றுக்கு இருந்தது ஒரே கயிறு. அதைப் பத்தாக வெட்டினார்கள். வாளி பாதிக் கிணறுகூட இறங்கவில்லை. குடத்தோடு வந்த பெண்கள் சத்தம் போட்டதற்கு, "நேத்து ஒரு கயிறு, இன்னைக்குப் பத்து. அப்படியும் எட்டலைன்னா கிணத்தப் போய்க் கேளுங்க" என்று பதில் வந்தது. பள்ளிக்கூட ஏணியை ஒவ்வொரு படியாக அறுத்து எட்டு ஏணி ஆக்கினார்கள். இனி யாரும் ஏணியிலிருந்து விழ மாட்டார்கள் என்று அதில் ஒரு பெருமை வேறு. வாத்தியார் தம் ஒற்றை வேட்டியை நாலு வேட்டியாக்கினார். அன்று சாயங்காலம் வரை அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இந்த மண்டூகங்களை நம்பித்தான் பதினோரு பிள்ளைகளின் படிப்பு கிடந்தது. நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

வெள்ளிக்கிழமை அதிகாரி அம்மாள் வந்தார். ஐந்து கூழாங்கல்லை ஒரு பக்கமும் ஒன்பதை மறுபக்கமும் வைத்து, "எது அதிகம், சொல்லும்மா" என்று இசக்கியம்மாளைக் கேட்டார்.

"ஒம்பதுதான் டீச்சர்."

"சபாஷ்!" அதிகாரி பேனாவைத் திறந்தார். இன்னும் ஒரு கையெழுத்துதான். பள்ளி பிழைத்துவிடும்.

"கொஞ்சம் பொறுங்கம்மா," என்று பாய்ந்தார் வெயிலுமுத்து. "சின்னப் பிள்ள, அவசரப்பட்டுட்டா. இப்பப் பாருங்க." மடியிலிருந்த சுத்தியலை எடுத்து ஐந்து கல்லையும் நொறுக்கினார். ஒரு சில்லு பறந்து அதிகாரியின் மூக்குக் கண்ணாடியில் பட்டது. வாத்தியார் சில்லுகளைப் பயபக்தியோடு எண்ணி, "முப்பத்தெட்டு" என்றார். ஆவுடையப்பன் கைதட்டினார்.

அதிகாரி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பிள்ளைங்களுக்கு எல்லாம் தெரியுது. உங்ககிட்ட இன்னும் ஒரு வாரம் விட்டு வச்சா இருக்கிறதும் மறந்துடும்." பள்ளியை மூடும் உத்தரவை அங்கேயே எழுதித் தலைவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"எங்க பள்ளிக்கூடத்த மூட இவ யாரு?" தலைவர் கொதித்துப்போய் உத்தரவை நாலாகக் கிழித்துப் போட்டார்.

வாத்தியார் பழக்கதோஷத்தில் குனிந்து எண்ணினார். அவர் முகம் வெளிறிப்போயிற்று. "மோசம் போனோம் அண்ணாச்சி. ஒரு உத்தரவுதான் இருந்துச்சு. இப்ப நாலு."

மூவரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

"நாலு உத்தரவு, ஒரு பள்ளிக்கூடம்," என்று விரலை மடக்கினார் ஆவுடையப்பன். "பாக்கி மூணு உத்தரவுக்கு எதவே மூட? அரசாங்க உத்தரவ மீறினா ஜெயில்லா?"

"ஒட்டிட்டா மறுபடி ஒண்ணுதான தாத்தா?" என்று கேட்ட இசக்கியம்மாளை மறுபடியும் மூலைக்கு அனுப்பினார்கள்.

ஊரே மண் சுமந்தது. ஒரே மாதத்தில் மூன்று புதுப் பள்ளிக்கூடங்கள், மூடுவதற்கென்றே, எழுந்து நின்றன. அந்த மாதம் முழுக்கப் பிள்ளைகள் இடுப்பளவு ஓடையில் இறங்கி மேலக்கரைக்குப் போய் வந்தார்கள். பிறகு நல்ல நாள் பார்த்து, கதவுக்கு ஒரு துண்டு உத்தரவாக ஒட்டிக்கொண்டே பூட்டிக்கொண்டு வந்தார்கள். நாலாவது கதவுக்கு வந்தபோது பூட்டு இல்லை. ஊரில் இருந்ததே மூன்றுதான்.

தலைவர் அசரவில்லை. மூன்றாவது பூட்டைக் கழற்றி, ரம்பத்தால் இரண்டாக அறுத்து, கதவுக்குப் பாதியாக மாட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் இசக்கியம்மாள் பாதிப் பூட்டு தொங்கிய கதவுகளில் ஒன்றைச் சும்மா தள்ளினாள். திறந்துகொண்டது. அன்றிலிருந்து பதினோரு பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். யாரும் ஓடைப் பக்கம் போவதில்லை. வாத்தியார் பொன்னுலிங்கம் மட்டும், பூட்டிய பள்ளிக்கூடத்துக்குள் நுழைவது சட்டப்படி குற்றம் என்று, இன்றுவரை வெளியே வெயிலில் நின்றுகொண்டு ஜன்னல் வழியாகப் பாடம் நடத்துகிறார்.