ஆட்காட்டியின் புதுக்கவிதை

ஏரிக்கரையை ஒட்டிய காட்டில், மழை விட்ட மாலைகளில் விலங்குகளும் பறவைகளும் கூடிக் கவிதை வாசிக்கும். எந்தக் கவிதை வந்தாலும் நரி பொருள் சொல்லும், மயில் குறை சொல்லும்.

ஒரு மாலை ஆட்காட்டிக் குருவி புதுக்கவிதை ஒன்றை வாசித்தது.

"என் முட்டைகளுக்குக் கீழே
மண் குளிர்கிறது.
மேகம் போன பிறகும்
தரை நனைகிறது."

மயில் கழுத்தைச் சிலுப்பியது. "எதுகை இல்லை, மோனை இல்லை. இது கவிதையே இல்லை."

"உனக்குப் புரியவில்லை," என்றது நரி. "முட்டை என்பது எதிர்காலம். குளிர் என்பது நம் காலத்தின் தனிமை. ஆழமான கவிதை!"

இரண்டும் வாக்குவாதத்தில் இறங்கின. மற்றவை கட்சி பிரிந்து கத்தின. ஆட்காட்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நரியின் மனைவி மட்டும் ஆட்காட்டியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "இன்னொரு தடவை வாசி."

ஆட்காட்டி வாசித்தது.

"கேட்கும்போதே எனக்குக் கால் சில்லிடுகிறது. எந்த இடத்தில் அப்படிக் குளிர்கிறது?"

ஆட்காட்டி தயங்கியது. முட்டை இருக்கும் இடத்தை நரியிடமா சொல்வது? ஆனால் அந்தக் கவிதையை மறுபடி கேட்க விரும்பியது இது ஒன்றுதான்.

"கரையின் அடிவாரத்தில்," என்றது மெதுவாக. "உங்கள் வளைக்குச் சற்று மேலே."

பெண் நரி ஓடிப்போய்ப் பார்த்தது. கரைக்கு அடியில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கால் வைத்த இடம் சேறாக உள்வாங்கியது. முதலில் தன் குட்டிகளைக் கவ்வி மேட்டுப் பாறையில் சேர்த்தது. பிறகு திரும்பி வந்து, ஆட்காட்டியின் முட்டைகளை ஒவ்வொன்றாக நாக்கில் ஏந்தி, பல் படாமல் கொண்டுபோனது. ஆட்காட்டி கத்திக்கொண்டே கூடப் பறந்தது. அந்தக் கூச்சலைக் கேட்டுத்தான் மற்றவையும் மேடேறின.

பொழுது விடிவதற்குள் கரை உடைந்தது. நரி வளை இருந்த இடத்தில் வெள்ளம் புரண்டு ஓடியது.

"நான் சொன்ன பொருளும் தப்பில்லையே," என்று நரி முனகியது. மனைவி குட்டிகளை நக்கிக்கொண்டிருந்தது.

ஆட்காட்டி பெண் நரியிடம் கேட்டது: "கவிதை நன்றாக இருந்ததா?"

"அது எனக்குத் தெரியாது. கேட்டபோது குளிர்ந்தது."

கவிதைக்குப் பொருள் சொல்லவும் குறை சொல்லவும் முந்துகிறவர்கள், முதலில் அது சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.