மலைவெங்காயம் இலையை மடித்த கதை

கிழங்குகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் வெள்ளச்சி என்றொருத்தி தோட்டம் போட்டிருந்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் "போதும்" என்றால் அவள் காதில் விழாது. கூச்சப்படுகிறார்கள் என்று இன்னொரு கரண்டி வைப்பாள். சாப்பிட்டவர் இலையை மடித்தால்தான் கை நிற்கும். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம்.

ஒரு கோடையில் மலை தீப்பிடித்து எரிந்தது. ஊதாப் பந்து போலப் பூக்கும் மலைவெங்காயம் அத்தனையும் கருகிவிட்டது. பாறையிடுக்கில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. வெள்ளச்சி அதை மடியில் கட்டி எடுத்துவந்து தோட்டத்தில் நட்டாள். அது பூத்து விதை விட்டால்தான் அந்த இனம் மறுபடி மலையில் முளைக்கும்.

காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினாள்.

"போதும் அக்கா," என்றது வெங்காயம்.

"விருந்தாளி அப்படித்தான் சொல்லுவாங்க. குடி தாயி."

மலைத்தேனீ ஒன்று வேலியில் வந்து உட்கார்ந்தது. "பூத்துச்சா அக்கா? இல்ல, மீன் வளர்க்கிறியா?"

வெள்ளச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. இலை நுனி மஞ்சளாகியிருந்தது. பயந்துபோய் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

"அக்கா, அடி அழுகுது. நெசமாவே போதும்."

"பசியிலதான் வெளுத்திருக்க. கூச்சப்படாத."

மறுநாள் மண்ணிலிருந்து அழுகல் வாடை வந்தது. வெள்ளச்சிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். குடத்தைத் தூக்கினாள்.

வெங்காயத்துக்கு இலைதான் வாய். மடித்துவிட்டால் பட்டினி, பேச்சும் போய்விடும். அது தெரிந்தே, தன் இலைகளை ஒவ்வொன்றாக வளைத்துத் தரையில் மடித்தது.

சாய்த்த குடம் பாதியில் நின்றது. இலை மடித்தவருக்குப் பரிமாறக் கூடாது.

"கோபமா தாயி?" என்றாள்.

குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மண் உலர்ந்தது. வாடை அடங்கியது. இலைகளோ வைக்கோலாகிவிட்டன.

"செத்ததுக்கு எதுக்கு அக்கா காவல்?" என்றது தேனீ.

"இலைய மடிச்சவங்க எழுந்திரிக்கிற வரைக்கும் கூட இருக்கணும்," என்றாள். அவளுக்கே நம்பிக்கை இல்லை.

ஒரு விடியலில், காய்ந்த இலைகளுக்கு நடுவே மொட்டைத் தண்டு ஒன்று நிமிர்ந்து நின்றது. அதன் உச்சியில் ஊதாப் பந்து. தேனீ வேலியை விட்டுப் பறந்துவந்தது.

அன்று முதல்தான் மலைவெங்காயம் பூக்கும் முன்னே தன் இலைகளை மடித்துக் காயவிடுகிறது. அதைக் கண்டதும் தோட்டக்காரர்கள் குடத்தைக் கவிழ்த்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.