மாப்பிள்ளை லேட்

கொண்டித்தோப்பு எத்திராஜ் பல வருஷமாகக் குத்துச்சண்டை போட்டே சோறு தின்றவன். அதில் மூக்கு கோணிப்போனது, ஒரு காது மந்தமானது. வாய்க்கு மட்டும் ஒரு கேடும் வரவில்லை.

போட்டி நடத்தும் சேர்மன் ஜம்புலிங்கம் அவனைக் கூப்பிட்டார். "நாளைக்கு எங்க வீட்டு மாப்பிள்ளையோட உனக்குச் சண்டை. ரெண்டாவது ரவுண்டுல நீ விழணும். விழலேன்னா இந்த ஊர்ல இனிமே நீ க்ளவுஸே மாட்ட முடியாது. ரெஃப்ரிகிட்டயும் சொல்லியாச்சு."

"ரெண்டாவது ரவுண்டுல விழணும். அவ்ளோதானே சார்? வுடுங்க."

முதல் ரவுண்டில் மாப்பிள்ளை விட்ட குத்தெல்லாம் காற்றுக்குத்தான் வலித்திருக்கும். மூச்சு வாங்கியபடி மூலைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டாவது ரவுண்டுக்கு மணி அடித்தபோது இன்னும் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அதற்குள் எத்திராஜ் நடுமேடைக்கு வந்து, வெட்டிய வாழைமரம் மாதிரி பொத்தென்று சாய்ந்தான்.

இவன் எப்போது விழுவான் என்றே காத்திருந்த ரெஃப்ரி, பாய்ந்து வந்து, "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்!

கூட்டம் ஸ்டூலைப் பார்த்தது, ரெஃப்ரியைப் பார்த்தது. அப்புறம் விசில் கூரையைப் பிய்த்தது. "யோவ் ரெஃப்ரி, அடிச்சது யாருய்யா? நீயா?"

முன்வரிசையில் சேர்மன் வேட்டி அவிழ எழுந்தார். "டேய், எந்திரிடா! மானம் போவுது!"

எத்திராஜ் படுத்தபடியே ஒரு கண்ணைத் திறந்தான்.

"நான் கரெக்ட் டைமுக்கு விழுந்துட்டேன் சார். மாப்பிள்ளைதான் லேட்டு."