கிளையின் கழுத்து

"ஈரத்துல கத்தி வைக்காதடே, வச்சா பொறவு..."

ஊரில் வீட்டு மாமரத்தடியில் நின்று அப்பா எப்போதோ சொன்னதில் பூதலிங்கத்துக்கு இவ்வளவுதான் நினைவிருந்தது. பிறகு என்ன ஆகும் என்பது மறந்துபோயிருந்தது.

மகேந்திரகிரி அடிவாரத்து மடத்துக்கு அவர் வந்து ஒன்றேகால் வருஷம் ஆகிறது. ஐம்பத்து நாலு வயது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்தவர். மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பி வந்தவர்.

நாளைக்கு அவருக்குக் காவி. காவி உடுத்துமுன் தனக்குத்தானே கருமாதி செய்துகொள்ள வேண்டும் என்பது அந்த மடத்து வழக்கம். எள்ளும் தர்ப்பையும் வந்து இறங்கிவிட்டன.

காலையில் வள்ளியூரிலிருந்து மகள் குழல்வாய்மொழியின் கடிதமும் வந்தது. இதுவரை அவள் எழுதிய பதினொன்றில் அவர் பிரித்துப் படித்தது இது ஒன்றுதான்.

'நாளைக்கு உங்களுக்குக் கருமாதி என்று கேள்விப்பட்டேன். நான் அழ வேண்டுமா, வேண்டாமா? அதை மட்டும் எழுதிவிடுங்கள்.'

மடத்தின் தலைவி ஆவுடையம்மைக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன எழுதட்டும், அம்மா?"

"வாத்தியாரய்யாவுக்கே விடை தெரியாத கேள்வியா? வாங்க, நம்ம அடுப்படி மாமரத்தைப் பார்த்துட்டு வருவோம்."

மரத்தடியில் நின்றார்கள்.

"நீங்க வந்த வாரம் அடுப்படிக் கூரையில இடிக்குதுன்னு ஒரு கிளையை எடுத்தீங்களே, அது எங்கே?"

காட்டினார். தண்டோடு தண்டாக வழித்து வெட்டி, மேலே தார் பூசிய இடம்.

"ஐப்பசி அடைமழையில வெட்டுனீங்க."

"அன்னைக்கே முடிச்சிடணும்னு இருந்தது, அம்மா."

"சரி. இப்படி அடியோட ஏன் வழிச்சீங்க?"

"மிச்சம் வச்சா அதுவும் பற்றுதானே?"

அம்மையார் சிரித்தார். "மரத்துக்கும் சேர்த்துச் சந்நியாசம் குடுத்துட்டீங்க."

நகத்தால் தாரைப் பெயர்த்தார். கறுப்புத் தண்ணீர் வழிந்தது. விரல் இரண்டு கணு உள்ளே போனது.

மரத்தின் மறுபக்கம் கூட்டிப்போனார். அங்கேயும் ஒரு வெட்டு.

"இது அதே வருஷம் ஆவணியில நான் எடுத்தது. காயெல்லாம் இறங்கினப்புறம், மழையில்லாத நல்ல வெயில் நாளாப் பார்த்து."

கிளை தண்டில் சேரும் இடத்தில் மோதிரம்போல ஒரு புடைப்பு. அதைத் தொடாமல், அதற்கு வெளியே வெட்டியிருந்தது. தார் கிடையாது. சுற்றிலும் புதுப்பட்டை திரண்டு வந்து, நடுவில் ஒரு பொத்தான் அளவுதான் பாக்கி.

"இந்தப் புடைப்புதான் கிளையோட கழுத்து. இது இருந்தா மூடிக்கும்."

"என்னோடதைத் திரும்பச் சீவி விட்டா?"

"போன கழுத்து முளைக்காது."

"அப்போ மூடவே மூடாதா?"

"தாரை எடுத்தாச்சு, காத்து படட்டும். உளுத்த இடத்தைச் சுத்தி உள்ளுக்குள்ள சுவர் வச்சுக்கத் தெம்பு இருந்தா, மரம் நிக்கும்."

"இல்லேன்னா?"

"இலையெல்லாம் பச்சையாத்தான் இருக்கும். ஒரு நாள் காத்துல சாயும்."

பூதலிங்கம் தான் வெட்டிய பக்கம் திரும்பிப் போய் அந்த ஓட்டையைப் பார்த்தார். கறுப்புத் தண்ணீர் இன்னும் நிற்கவில்லை.

"வெட்டினதே தப்பா, அம்மா?"

"கூரையில இடிச்சா வெட்டத்தானே வேணும். வெட்டின கிளை என்ன ஆச்சு?"

"அடுப்புக்குப் போச்சு."

"கிளைக்கு அன்னைக்கே முடிஞ்சுது, பூதலிங்கம். மூடிக்க வேண்டியது மரம்."

பூதலிங்கம் மகளின் கடிதத்தைப் பிரித்து இன்னொரு தரம் படித்தார். கருமாதியை நிறுத்தச் சொல்லிவிட்டு, மத்தியான பஸ்ஸில் வள்ளியூருக்குப் போனார்.